டார்ச் விளக்கும் தராசும்: பழைய கேமரா ஒன்று எங்களுக்குக் கற்றுத்தந்தவை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகளுக்குப் பறவைகள் மீது பெரும் விருப்பம். அதிராம்பட்டினத்து உப்பளங்களின் ஓரம் காலை வேளையில் வந்து நிற்கும் கொக்குகளையும் உள்ளான்களையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வைப்பாள். கைப்பேசியில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் பறவை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் இருக்கும். "ஒரு கேமரா இருந்தால் நன்றாயிருக்கும்" என்று ஈராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், சென்ற நோன்புப் பெருநாளன்று தன் பெருநாள் காசையெல்லாம் எண்ணி எங்கள் முன் வைத்தாள். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். மூன்று ஆண்டுச் சேமிப்பு.

அந்தக் கேமராவை நாங்கள் தேடியதும், வாங்கியதும், அதன் ஒரு பகுதியை விற்றதுமான கதை இது. பயன்படுத்திய பொருள்களை வாங்கி விற்கும் குடும்பங்களுக்கு இதில் ஏதேனும் பயன் இருக்கும் என்று நம்பியே எழுதுகின்றோம்.

புதியதா, பழையதா?

தொலைவிலுள்ள பறவையை எடுக்கும் லென்ஸுடன் புதிய கேமரா வாங்குவதென்றால் எங்கள் வீட்டின் இரண்டு மாதச் செலவை அப்படியே எடுத்து வைக்க வேண்டியிருந்தது. கடைக்காரர் தவணைத் திட்டத்தைச் சொன்னார். வட்டியே இல்லை என்றார். தாளை வாங்கிப் படித்தபோது, தவணை தவறினால் ஏறும் தொகையும், முன்பணமாகப் பிடிக்கும் கட்டணமும் சிறிய எழுத்துகளில் இருந்தன. பொழுதுபோக்குப் பொருள் ஒன்றுக்காக வட்டியின் வாசலில் போய் நிற்க எங்களுக்கு மனமில்லை. கையிலுள்ள பணத்துக்குப் பழைய கேமரா வாங்குவதென்று முடிவு செய்தோம். எங்கள் பங்கையும் சேர்த்துப் பதினைந்தாயிரம் ரூபாய் என வரம்பு வைத்தோம்.

படம் எடுப்பது மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்வியும் வீட்டில் எழுந்தது. உயிருள்ளவற்றின் உருவங்கள் குறித்த நபிமொழிகள் கேமராப் படத்துக்கும் பொருந்தும் என்று கருதும் உலமாக்கள் உள்ளனர். கையால் வரைவதும் உருவம் செதுக்குவதும் வேறு. ஒளியால் பதிவாகும் நிழலைப் பிடித்து வைப்பது வேறு என்று கூறுவோரும் உள்ளனர். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்முதீஈ இந்த இரண்டாவது கருத்தை விளக்கித் தனி நூலே எழுதியிருக்கிறார். எங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டோம். இரு கருத்துகளையும் விளக்கிவிட்டு, "படைப்பைப் பார்த்துப் படைத்தவனை நினைக்கும் நிய்யத்தோடு எடுக்கட்டும், பிறருடைய அந்தரங்கத்தில் மட்டும் லென்ஸைத் திருப்ப வேண்டாம்" என்றார்கள். இருட்டறையின் சிறு துளை வழியே நுழையும் ஒளியைக் கொண்டு பார்வையின் இயல்பை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்தவர் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் என்பதையும் அன்று அவர்களே மகளுக்குச் சொன்னார்கள்.

தேர்வு

பல வாரங்கள் படித்தும் கேட்டும் சில செய்திகளைத் தெரிந்துகொண்டோம். மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. 2008இல் வந்த நிக்கான் டி90இல் இருப்பது 12 மெகாபிக்சல்தான். சுவரில் மாட்டும் அளவுக்குப் படத்தை அச்சிட அது தாராளமாகப் போதும். ஒளியை வாங்கும் சென்சாரின் பரப்பும் லென்ஸின் தரமும்தான் முதன்மையானவை. பத்தாண்டு பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவின் சென்சார் இன்றைய கைப்பேசியின் சென்சாரைவிடப் பல மடங்கு பெரியது.

நிக்கானின் டி3200, டி5100 போன்ற தொடக்கநிலை உடல்களில் குவியமாக்கும் மோட்டார் இல்லை. மோட்டார் உள்ள லென்ஸாகப் பார்த்து வாங்காவிட்டால் ஒவ்வொரு முறையும் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய லென்ஸை வாங்கிவிட்டு வருந்துவோர் இதனால்தான் வருந்துகிறார்கள். கேனனின் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸிலேயே இருப்பதால் இந்தக் குழப்பம் இல்லை.

இறுதியில் கேனன் 600டி என்ற மாதிரியைத் தேர்ந்தோம். 2011இல் வெளிவந்தது, 18 மெகாபிக்சல், திரையைத் திருப்பிக்கொள்ளலாம். அதனோடு 55-250 லென்ஸ் சேர்ந்தால், அந்தச் சென்சார் அளவில், 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராவில் 400 மில்லிமீட்டர் லென்ஸ் தரும் நெருக்கம் கிடைக்கும். உப்பளக் கரையில் நின்று பறவை எடுக்கத் தொடங்குபவருக்கு அது போதும்.

வாங்கிய நாள்

அருகிலுள்ள நகரத்தில் ஒருவர் அதே கேமராவை இரண்டு லென்ஸ்களுடன் விற்பதாக விளம்பரம் செய்திருந்தார். அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மஃக்ரிபுக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு. உடலில் கீறல் இல்லை. பொத்தான்கள் அனைத்தும் இயங்கின. வீட்டுக்குள்ளேயே பத்துப் படங்கள் எடுத்துப் பார்த்தோம், தெளிவாக இருந்தன. "ஒரு குறையும் இல்லைங்க, ரெண்டு வருஷமா பையிலதான் இருக்கு" என்றார் அவர். அந்த இரண்டாவது சொற்றொடரின் பொருள் அப்போது எங்களுக்குப் புரியவில்லை. பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கேமராவிலேயே அவருடைய மெமரி கார்டு இருந்தது. திறந்ததும் அவர் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் இருக்கும் ஒரு விழாப் படம் தெரிந்தது. உடனே அணைத்துவிட்டோம். தொலைபேசியில் கேட்டபோது, தம்மிடம் வேறு பிரதி இருப்பதாகவும் அழித்துவிடும்படியும் சொன்னார். ஒன்றையும் பார்க்காமல் கார்டை முழுவதுமாக அழித்தோம். "அமானத் என்பது இதுதான்" என்று மகளுக்கு ஒரு சிறு உபதேசமும் செய்தோம். அந்த உபதேசம் இரண்டே வாரங்களில் எங்களிடமே திரும்பி வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

மறுநாள் ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் மகள் உப்பளத்துக்குப் போய் 55-250 லென்ஸில் எடுத்த படங்களில் ஒரு பால் நிற மங்கல் படிந்திருந்தது. பனி என்று நினைத்தோம். மூன்றாம் நாளும் அதே மங்கல். சூரியனுக்கு எதிராக எடுத்தால் படம் முழுவதும் வெளுத்தது. லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் விளக்கை அடித்து முன்பக்கமாகப் பார்த்தபோது, உள்ளேயிருந்த கண்ணாடியில் சிலந்தி வலைபோல வெண்ணிற இழைகள் கிளைவிட்டிருந்தன. பூஞ்சை!

ஈரக்காற்றும் இருட்டும் சேர்ந்த இடத்தில், குறிப்பாக மூடிய பையிலும் அலமாரியிலும், லென்ஸின் உட்கண்ணாடியில் பூஞ்சை வளர்கிறது. சிறிதளவு இருந்தால் சாதாரணப் படங்களில் தெரியாது. ஒளி நேரே விழும்போதுதான் காட்டிக்கொடுக்கும். நாள்பட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பழுது பார்ப்பவரிடம் காட்டினோம். பிரித்துத் துடைக்க இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும். பூச்சு அரித்திருந்தால் தழும்பு போகாது. மீண்டும் வராது என்று உறுதி கூறவும் முடியாது என்றார்.

விற்றவரிடம் பேசினோம். "எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். ஷரீஅத்தில் 'கியாருல் ஐப்' என்று ஒரு சட்டம் உண்டு. வாங்கும்போதே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை அளிப்பது அது. ஆனால் அவர் பணத்தைச் செலவழித்துவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பின் எங்கள் அழைப்புகளை எடுக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் அவரைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. நம்பிக்கைத் துரோகம் என்றோம். இப்படிப்பட்டவர்களால்தான் வியாபாரத்தில் பரக்கத் போய்விட்டது என்றோம்.

நாங்கள் எழுதிய விளம்பரம்

அந்த லென்ஸை மட்டும் விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். "வெளிச்சத்துல வச்சு நாலு படம் எடுத்துக் காட்டுங்க. யாருக்கும் தெரியாது. உங்களுக்கு ஒருத்தன் கொடுத்தான், நீங்க ஒருத்தனுக்குக் கொடுக்கிறீங்க, அவ்வளவுதானே" என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்தப் பேச்சு எங்களுக்குக் கசக்கவில்லை. மகளின் மூன்று ஆண்டுச் சேமிப்பில் ஒரு பகுதி அந்தக் கண்ணாடிக்குள் முடங்கிக் கிடந்தது. இழந்ததை மீட்கிறோம் என்றுதான் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். இரவு உணவுக்குப் பின் எங்களில் ஒருவர் சொல்ல மற்றவர் தட்டச்சு செய்தோம்: "கேனன் 55-250 லென்ஸ். குறைவாகப் பயன்படுத்தியது. கீறல் இல்லை. தெளிவான படங்கள். விலை ஐந்தாயிரம்." கவனித்துப் பாருங்கள், அதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. குறைவாகத்தான் பயன்பட்டிருந்தது, கீறலும் இல்லை. பொய் முழுவதும் எழுதாமல் விட்ட ஒரு வரியில் இருந்தது.

படம் சேர்ப்பதற்காக மகளை அழைத்தோம். திரையைப் படித்தாள்.

"உம்மா, பூஞ்சை இருக்குன்னு எழுத மறந்துட்டீங்களே?"

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே மறந்துவிட்டதாகத்தான் நினைத்தாள். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த அந்த நொடியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த நிகழ்வை நாமெல்லாம் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். மேலே உலர்ந்திருந்த குவியலின் உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி கூறினார். அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்த நபிமொழியில் நாங்கள் அதுவரை கவனிக்காத ஒன்று உண்டு. தானியத்தை நனைத்தது அந்த வியாபாரி அல்லர், மழை நனைத்தது. நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. ஈரத்தைக் கீழே வைத்ததற்காகவே கண்டிக்கப்பட்டார். எங்கள் லென்ஸின் பூஞ்சையையும் நாங்கள் வளர்க்கவில்லை. ஆனால் அதைக் கீழே வைக்கப் பார்த்தது நாங்கள்தாம்.

இன்னொன்றும் அன்றிரவு உறைத்தது. எங்களுக்கு விற்றவர் அறிந்தே மறைத்தாரா, அறியாமல் கொடுத்தாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இரண்டாண்டு பைக்குள் கிடந்த லென்ஸை டார்ச் அடித்துப் பார்க்கும் வழக்கம் பலருக்கும் இல்லை. அவர் அறியாதவராக இருக்கலாம். நாங்களோ அறிந்தவர்கள். அவரைத் திட்டிய சொற்கள் அவருக்குப் பொருந்தினவோ இல்லையோ, நாங்கள் அந்த விளம்பரத்தை வெளியிட்டிருந்தால் எங்களுக்கு முழுமையாகப் பொருந்தியிருக்கும்.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன், பிறரிடமிருந்து பெறும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்போரை எச்சரித்தபடியே தொடங்குகிறது. தராசு வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரருக்கான எச்சரிக்கை என்றே அதை ஓதிவந்தோம். வாங்கிய பொருளைச் சோதிக்க டார்ச் விளக்கை எடுத்துவிட்டு, விற்கும்போது அதை மேசை அறைக்குள் வைத்துப் பூட்டுவதும் அந்த இரண்டு அளவுகள்தானே!

ஈரத்தை மேலே வைத்தபோது

விளம்பரத்தை மாற்றி எழுதினோம். டார்ச் வெளிச்சத்தில் பூஞ்சை தெளிவாகத் தெரியும் படத்தையே முதல் படமாக வைத்தோம். எதிரொளியில் எடுத்த மங்கலான படத்தையும் சேர்த்தோம். துடைக்க ஆகும் செலவையும் குறிப்பிட்டோம்.

முதல் மூன்று வாரங்கள் ஒருவரும் கேட்கவில்லை. உண்மை சொன்னவுடன் வாங்குவோர் வரிசையில் நின்றார்கள் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. நான்காம் வாரம் ஒரு கல்லூரி மாணவர் வந்தார். லென்ஸ்களைப் பிரித்துச் சரிசெய்யப் பழகுபவராம். தாமே டார்ச் அடித்து நீண்ட நேரம் பார்த்துவிட்டு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் தந்தார். சந்தையில் நல்ல லென்ஸ் ஐயாயிரத்துக்கு மேல் போகும். எங்களுக்கு இழப்பு மூவாயிரத்துக்கும் அதிகம். அந்த இழப்பை மகளின் பங்கிலிருந்து எடுக்காமல் நாங்களே ஏற்றோம். அவசரப்பட்டு வாங்கியவர்கள் நாங்கள்தானே.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர் என்பதை அறிவீர்கள். குறையுள்ள துணி ஒன்றைக் குறையைச் சொல்லி விற்கும்படி தம் பங்காளியிடம் கொடுத்தனுப்ப, அவர் மறதியாகச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவரைக் கண்டுபிடிக்க முடியாததால் அந்த விற்பனைப் பணத்தையே தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றில் கூறப்படுகிறது. அத்தகைய பேணுதலுக்கு முன் எங்கள் மூவாயிரம் ரூபாய் ஒரு பொருட்டே அல்ல. இருந்தாலும் அன்று அது எங்களுக்குக் கனமாகவே இருந்தது என்பதை மறைக்கவில்லை.

வாங்குவோர் கவனத்துக்கு

நான்கு மாதம் கழித்து, ரசீது தரும் கடையொன்றில் அதே வகை லென்ஸை ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினோம். இம்முறை சோதித்தவள் மகள். அவள் குறிப்பேட்டிலிருந்து சிலவற்றை இங்கே தருகின்றோம்.

பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்து மறுமுனை வழியாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சில தூசித் துகள்கள் இருப்பது இயல்பு. இழையும் கிளையுமாக இருந்தால் பூஞ்சை.

துளையளவை எஃப் 16க்குக் குறைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி, பெரும்பாலும் துடைக்கக்கூடியதே. லென்ஸை மூடிவிட்டுச் சில விநாடிகள் திறப்பு வைத்து ஒரு படம் எடுங்கள். நிறப் புள்ளிகள் மின்னினால் பழுதான பிக்சல்கள்.

ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று கேளுங்கள். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டர் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இயங்கும் என்று பொதுவாகக் கொள்வார்கள். நிக்கானில் எடுத்த படக்கோப்பிலேயே அந்த எண் பதிவாகும். 600டி போன்ற கேனன் கேமராக்களைக் கணினியோடு இணைத்து மென்பொருள் மூலம் பார்க்க வேண்டும்.

பேட்டரி உப்பியிருக்கிறதா, கார்டு நுழையும் இடத்தில் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வாங்கிய ரசீதைக் கேட்டு, அதிலுள்ள வரிசை எண்ணை உடலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். திருட்டுப் பொருளை மலிவாக வாங்குவது நமக்கு ஆகுமானதல்ல.

வாங்கியபின் தோல் பையில் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். கடலோர ஊர்களில் இது இன்றியமையாதது. வாரம் ஒரு முறையேனும் வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

விற்கும்போதும் இதே பட்டியலைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதிக் கொடுங்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் செய்யப்படும்; மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் நபிமொழி உண்டு. அந்த பரக்கத் எங்களுக்குப் பணமாக வரவில்லை. பொருள் எதையேனும் விற்கப் பேசும்போதெல்லாம், "குறையை முதல்ல எழுதுங்க வாப்பா" என்று மகள் இப்போது இயல்பாகச் சொல்கிறாள். அதுவும் பரக்கத்தே என்று எண்ணுகின்றோம்.

சென்ற குளிர்காலத்தில் கோடியக்கரைக்குப் போயிருந்தோம். ஆழமற்ற நீரில் பூநாரைகள் நின்றிருந்தன. சூரியன் எதிரே இருந்தது. மகள் எடுத்த படத்தில் இறகின் ஓரச் சிவப்புவரை மங்கலின்றித் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

எங்களுக்கு அந்த லென்ஸை விற்ற சகோதரரை நாங்கள் மன்னித்துவிட்டோம். எங்கள் கொடுக்கலிலும் வாங்கலிலும் ஒரே அளவைக் கையாளும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.